அத்தியாவசிய எண்ணெய் என்றால் ரேஷன் பாமாயிலா?

செடிகளின் வாசனை எண்ணெய்களை வைத்துச் செய்கிற அரோமாதெரபி பற்றித் தமிழில் தேடினால் "அத்தியாவசிய எண்ணெய்கள்" என்ற சொல் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். முதல் தடவை பார்த்தபோது எனக்கு ரேஷன் கடைப் பாமாயில்தான் நினைவுக்கு வந்தது. ஆங்கிலத்தில் எசென்ஷியல் ஆயில் என்பதைத்தான் அப்படி மொழிபெயர்த்திருக்கிறார்கள். அதில் உள்ள 'எசென்ஷியல்' தேவை என்ற பொருளில் வந்ததே இல்லை, எசென்ஸ், அதாவது சாரம் என்பதிலிருந்து வந்தது. பூவிலோ இலையிலோ பட்டையிலோ மணமாக இருக்கிற சாரத்தைத் தனியாகப் பிரித்தெடுத்தால் கிடைப்பது அது. அத்தியாவசியம் எல்லாம் ஒன்றும் கிடையாது, அது இல்லாமலே நன்றாக வாழலாம்.

குழப்பம் அந்தச் சொல்லோடு நிற்பதில்லை. நம் வீடுகளில் 'தைலம்' என்ற ஒரே பெயரில் இரண்டு பொருட்கள் புழங்குகின்றன. ஒன்று சித்த மருத்துவர் கொடுக்கிற தைலம். நல்லெண்ணெயிலோ விளக்கெண்ணெயிலோ மூலிகைச் சாற்றையும் அரைத்த விழுதையும் போட்டுப் பதமாகக் காய்ச்சி வடிகட்டியது, உள்ளங்கை நிறைய எடுத்து உடம்பெல்லாம் தேய்த்துக் குளிப்பது. இன்னொன்று ஊட்டிக்குப் போய்வருகிறவர்கள் வர்க்கியோடு சேர்த்து வாங்கிவரும் நீலகிரித் தைலம், யூகலிப்டஸ் எண்ணெய். இதில் நல்லெண்ணெய் ஒரு சொட்டுகூடக் கிடையாது. வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டுப் பாருங்கள், வடை சுற்றிய காகிதம் மாதிரி கறை அப்படியே நிற்கும். பக்கத்திலேயே ஒரு சொட்டு யூகலிப்டஸ் விட்டால் கொஞ்ச நேரத்தில் பறந்துபோய்த் தாள் பழையபடி ஆகிவிடும். அந்தப் பறந்துபோகிற குணம்தான் எசென்ஷியல் ஆயிலின் அடையாளம், பறந்தால்தானே மூக்குக்கு வந்து சேரும். வேதியியல்படி பார்த்தால் அதில் கொழுப்பே இல்லை, சின்னச் சின்ன மூலக்கூறுகள் பல கலந்த ஒரு திரவம். எண்ணெய் என்பது பெயர் மட்டும்தான்.

இந்த வித்தியாசத்தை நான் கற்றுக்கொண்டது புத்தகத்தில் இல்லை. சில வருடங்களுக்கு முன்பு ஜலதோஷம் பிடித்து மூக்கடைத்த ஒரு ராத்திரி, ஆவி பிடிக்கலாம் என்று கொதித்த தண்ணீரில் நீலகிரித் தைலத்தை மூடி நிறைய ஊற்றிவிட்டுப் போர்வையைப் போர்த்திக்கொண்டு குனிந்தேன். தேய்த்துக் குளிக்கிற தைலத்தை எடுக்கிற அளவுதான் கையில் பழக்கம். இரண்டாவது மூச்சு உள்ளே போகவில்லை. கண்ணைத் திறக்க முடியாமல், தட்டுத் தடுமாறிப் போய்க் குழாயடியில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றேன். மூக்கு திறந்ததா என்று கேட்காதீர்கள், அன்றைக்கு அதைக் கவனிக்கிற நிலையில் நான் இல்லை.

சரி, செடிக்கு எதற்கு இந்த மணம்? நமக்காக இல்லை. துளசியையும் ஓமவல்லியையும் கசக்கினால் வருகிற வாசனை, இலையின் மேல் இருக்கிற நுண்ணிய சுரப்பிகள் உடைவதால் வருவது. பூச்சி கடித்தாலும் அதேதான் உடையும், கடித்த பூச்சிக்கு வாய் எரியும், பூஞ்சைக்கும் பிடிக்காது. பூவின் மணம் மட்டும் பெரும்பாலும் வண்டைக் கூப்பிடுவதற்கு. ஆரஞ்சுத் தோலை விளக்குச் சுடருக்குப் பக்கத்தில் மடித்துப் பிழிந்து விளையாடியவர்களுக்குத் தெரியும், பீய்ச்சுகிற சாறு படபடவென்று தீப்பிடித்து மின்னும். அதுவும் எசென்ஷியல் ஆயில்தான். அதாவது இந்தச் சமாச்சாரம் ஆரம்பத்திலிருந்தே ஒரு பாதி ஆயுதம் என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரித்தெடுக்கும் வேலை பார்க்க எளிதாக இருக்கும், ஆனால் அதில் அழகான ஒரு தந்திரம் இருக்கிறது. நீலகிரியையே எடுத்துக்கொள்வோம். யூகலிப்டஸ் நம்மூர் மரம் இல்லை, ஆஸ்திரேலியாவிலிருந்து 1840-களில் வெள்ளைக்காரர்கள் மலைக்குக் கொண்டுவந்தது, விறகுக்காகப் பரப்பியது. அங்கே அதைக் கற்பூர மரம் என்பார்கள். உதிர்ந்த இலையைச் சேகரித்துப் பெரிய கொப்பரையில் தண்ணீரோடு அடைத்து மூடி, கீழே தீ மூட்டுவார்கள். இலையில் இருக்கிற முக்கியமான பொருள் சினியோல். தனியாகக் கொதிக்க வைத்தால் அது 176 டிகிரியில்தான் கொதிக்கும், அவ்வளவு சூட்டில் வைத்தால் இலை கருகி மணமும் கெட்டுவிடும். ஆனால் நீராவியோடு சேரும்போது 100 டிகிரிக்குள்ளேயே அதுவும் ஆவியாகிக் கூடவே கிளம்பிவிடும். அந்த ஆவியைக் குழாய் வழியாகக் குளிர்ந்த தண்ணீருக்குள் கொண்டுபோனால் மறுபடி திரவமாகிச் சொட்டும், எண்ணெய் மேலே மிதக்கும், எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். நூறு கிலோ இலைக்கு ஏறக்குறைய ஒரு கிலோ எண்ணெய்தான் தேறும்.

இந்த நுட்பம் நமக்குப் புதிதில்லை. சித்த மருத்துவத்தில் இதற்கான கருவிக்கு வாலை என்று பெயர், வாலையில் வடித்த மருந்துக்குத் தீநீர் என்று பெயர். சித்தர்கள் அக மருந்துகளை 32 வகையாகப் பிரித்ததில் தீநீரும் ஒன்று. கேள்விப்பட்டதே இல்லையே என்று தோன்றினால், குழந்தை வயிறு உப்பி அழும்போது பாட்டி வாங்கிவரச் சொல்கிற ஓமத்தண்ணீரை நினைத்துக்கொள்ளுங்கள், அது ஓமத் தீநீர். அதில் மணக்கிறது தைமால். இன்று வாய் கொப்பளிக்கிற லிஸ்டரினிலும் அதே தைமால் இருக்கிறது, கூடவே சினியோலும், புதினா வகைச் செடிகளில் இருக்கிற மெந்தாலும். புற மருந்துகள் 32-இல் வேது, புகை, நசியம் எல்லாம் வருகின்றன: ஆவி பிடிப்பது, புகை போடுவது, மூக்கில் மருந்து விடுவது. நொச்சித் தழையைக் கொதிக்க வைத்து வேது பிடிப்பதும், நொச்சி இலைத் தலையணையில் தலை வைத்துப் படுப்பதும், சங்க காலத்துப் பெண்கள் அகிற்புகையில் கூந்தலை உலர்த்தியதும் ஒரே குடும்பத்துப் பழக்கங்கள்தான், பெயர் மட்டும் அரோமாதெரபி இல்லை. ஆனால் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. நொச்சித் தழையில் இருக்கிற எண்ணெய் மிகமிகக் கொஞ்சம், ஒரு கட்டுத் தழை போட்டாலும் தண்ணீரில் இறங்குவது சில சொட்டுதான். பாட்டி கைக்கு அளவு தெரியாமல் இருந்தாலும் செடிக்குத் தெரிந்திருந்தது.

பாட்டிலில் அந்தக் காவல் இல்லை. ஒரு கிலோ ரோஜா எண்ணெய்க்கு மூன்று நான்கு டன் பூ வேண்டும். மல்லிகை இன்னும் வம்பு பிடித்தது, நீராவிச் சூடு தாங்காது, மணம் செத்துவிடும். அதனால் ஹெக்சேன் போன்ற கரைப்பானில் ஊறவைத்து, கரைப்பானை ஆவியாக்கி, மெழுகு மாதிரி ஒரு பொருளை எடுக்கிறார்கள், தொழிலில் அதற்குக் காங்கிரீட் என்று பெயர், வீடு கட்டுகிற காங்கிரீட் இல்லை. அதை ஆல்கஹாலில் கழுவி மெழுகைப் பிரித்துவிட்டால் கிடைப்பது அப்சல்யூட். சத்தியமங்கலம், நிலக்கோட்டைப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு மல்லிகை லோடு லோடாகப் போவது இதற்குத்தான். ஒரு டன் மல்லிகையில் இரண்டு மூன்று கிலோ காங்கிரீட் கிடைக்கும், அப்சல்யூட் அதில் ஏறக்குறைய பாதி. கண்டிப்பாகச் சொன்னால் இதை எசென்ஷியல் ஆயில் என்றே சொல்லக் கூடாது, நீராவியில் வடித்தது இல்லையே. இப்போது 10 மில்லி "சுத்தமான மல்லிகை எண்ணெய்" 150 ரூபாய்க்கு விற்கிறது என்றால் அது மல்லிகைத் தோட்டத்தைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கக்கூட வாய்ப்பில்லை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அரோமாதெரபி என்ற பெயரை வைத்தவர் ரெனே மொரீஸ் கட்ஃபொஸே, பிரான்சின் லியோன் நகரத்து வேதியியலாளர், வாசனைத் திரவியத் தொழில் செய்த குடும்பம். 1910-இல் ஆய்வகத்தில் வெடித்துத் தீக்காயம் பட்டது. வலியில் கையைப் பக்கத்திலிருந்த லாவெண்டர் எண்ணெய்ப் பாத்திரத்தில் முக்கினார், மாயம்போல் ஆறிவிட்டது என்று இந்தக் கதையை எல்லா இடத்திலும் சொல்வார்கள். அவரே எழுதியது வேறு: காயத்தில் சதை அழுகத் தொடங்கிய பிறகு, லாவெண்டர் எண்ணெய் கொண்டு தெரிந்தேதான் கழுவினார், அழுகல் நின்றது. ஆண்டிபயாடிக் வராத காலம் அது, கிருமியைக் கொல்கிற எதற்கும் மதிப்பு இருந்தது. 1937-இல் அவர் எழுதிய புத்தகத்துக்கு வைத்த தலைப்பே அரோமாதெரபி. கவனித்தீர்களா, பெயரை வைத்தவருக்கு இது மெழுகுவத்தி, மெல்லிசை, ஸ்பா சமாச்சாரமாக இல்லை, புண்ணுக்குப் போடுகிற மருந்தாக இருந்தது. மசாஜும் மன அமைதியும் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை.

இப்போது எல்லோரும் கேட்கிற கேள்விக்கு வருவோம். இது வேலை செய்கிறதா? எந்த எண்ணெய், எந்த வழியாக, எதற்கு என்று பிரித்துக் கேட்டால்தான் பதில் கிடைக்கும்.

மூக்கு வழியை முதலில் பார்க்கலாம். மூக்கின் உச்சியில் வாசனையைப் பிடிக்கிற ஏற்பிகள் சுமார் 400 வகை இருக்கின்றன. இவற்றுக்கான மரபணுக்களை 1991-இல் கண்டுபிடித்த லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்ஸல் இருவருக்கும் 2004-இல் நோபல் பரிசு கிடைத்தது. பார்ப்பதும் கேட்பதும் மூளையில் தலாமஸ் என்கிற இடைத்தரகர் வழியாகத்தான் உள்ளே போகும். வாசனைக்கு அந்தக் கட்டாயம் இல்லை, உணர்ச்சியையும் நினைவையும் கையாளுகிற பகுதிகளுக்கு நேராகவே போய்விடும். அதனால்தான் தாழம்பூ வாசனை பட்டால் யார் வீட்டுக் கல்யாணமோ ஞாபகம் வருகிறது. இதிலேயே ஒரு சிக்கலும் இருக்கிறது. லாவெண்டர் உங்களை அமைதிப்படுத்துவது லாவெண்டரால்தானா, அல்லது அமைதியோடு அதைச் சேர்த்துப் பழகியதாலா? லாவெண்டரே வளராத ஊரில் வளர்ந்தவருக்கு அது பாத்ரூம் கிளீனர் வாசனையாகத்தான் தெரியும்.

அடுத்து மெந்தால், எனக்கு மிகவும் பிடித்த ஏமாற்று வேலை. மூக்கடைத்திருக்கும்போது விக்ஸ் தடவினால் மூக்கு திறந்த மாதிரி இருக்கிறது அல்லவா? மூக்கில் காற்று எவ்வளவு போகிறது என்று கருவி வைத்து அளந்து பார்த்திருக்கிறார்கள், மெந்தாலுக்கு முன்னும் பின்னும் அடைப்பு ஏறக்குறைய அப்படியேதான் இருக்கிறது. மாறுவது உணர்வு. நம் நரம்பு நுனிகளில் குளிர்ச்சியை அறிகிற டிஆர்பிஎம்8 என்ற ஏற்பி இருக்கிறது, மெந்தால் போய் அதன் மேல் உட்கார்ந்ததும் "குளிர்ந்த காற்று வருகிறது" என்று மூளைக்குத் தகவல் போகிறது, காற்று வராமலே. மிளகாய் சூடே இல்லாமல் எரிகிறதே, அதற்கு நேரெதிர் வேலை. சூடு, குளிர் ஏற்பிகளைப் பற்றிய ஆராய்ச்சிக்குத்தான் 2021 மருத்துவ நோபலில் டேவிட் ஜூலியஸுக்குப் பங்கு. ஏமாற்று என்று சொன்னதை வைத்துக் கேவலமாக நினைக்க வேண்டாம், ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சு முட்டுகிற உணர்வு போய்த் தூக்கம் வந்தால் அதுவே பெரிய உதவி. சளி குணமாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாமல் இருந்தால் போதும்.

உண்மையிலேயே சோதனையில் தேறியவையும் உண்டு. கிராம்பு எண்ணெயில் இருக்கிற யூஜினால் நரம்பை மரத்துப்போகச் செய்யும், பல் மருத்துவர்கள் துத்தநாக ஆக்ஸைடோடு குழைத்துத் தற்காலிக அடைப்பாக இன்றும் வைக்கிறார்கள், பல் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் வருகிற அந்த வாசனை அதுதான். முகப்பருவுக்கு 5 சதவீத டீ ட்ரீ ஆயிலை (ஆஸ்திரேலிய மரம் ஒன்றின் இலையில் வடிப்பது), பருவுக்கு வழக்கமாகக் கொடுக்கிற 5 சதவீத பென்சாயில் பெராக்ஸைடோடு 124 பேரிடம் ஒப்பிட்டு ஆஸ்திரேலியாவில் செய்த ஆய்வு 1990-இல் வந்தது. இரண்டும் பருவைக் குறைத்தன, டீ ட்ரீ மெதுவாக, ஆனால் எரிச்சல் குறைவாக. ஐபிஎஸ் என்கிற குடல் தொந்தரவுக்குப் பெப்பர்மின்ட் என்கிற புதினா வகை எண்ணெய் அடைத்த மாத்திரையை அலோபதி மருத்துவர்களே எழுதுகிறார்கள், குடல் தசையின் இறுக்கத்தை அது தளர்த்துகிறது. ஜெர்மனியில் 80 மில்லிகிராம் லாவெண்டர் எண்ணெய் அடைத்த மாத்திரை பதற்றத்துக்கு மருந்தாகவே விற்கிறது. கவனியுங்கள், தேறியவற்றில் பெரும்பாலானவை முகர்வதால் வேலை செய்பவை இல்லை. அளந்து, அடைத்து, குறிப்பிட்ட இடத்தில் வைக்கிற சாதாரண மருந்துகள்தான். இதைப் படித்துவிட்டுக் கடையில் வாங்கிய பெப்பர்மின்ட் எண்ணெயைத் தண்ணீரில் விட்டுக் குடிக்காதீர்கள். அந்த மாத்திரைக்கு இரைப்பையைத் தாண்டிய பிறகுதான் கரைகிற உறை போட்டிருக்கிறார்கள், உறை இல்லாவிட்டால் நெஞ்செரிச்சல்தான் மிச்சம்.

முகர்வதைச் சோதிப்பது கஷ்டமாக இருப்பதற்கு ஒரு வேடிக்கையான காரணமும் உண்டு. மாத்திரை ஆய்வில் பாதிப் பேருக்குச் சர்க்கரை மாத்திரை கொடுத்து ஏமாற்றலாம். வாசனையில் எப்படி ஏமாற்றுவது? லாவெண்டர் மணக்காத லாவெண்டரை யாராலும் கொடுக்க முடியாது. வாந்தி உணர்வுக்கு முகர்வது குறித்த ஆய்வுகள் ஓரளவு நல்ல விதமாக வந்திருக்கின்றன, அவசரப் பிரிவு நோயாளிகளிடம் நன்றாகத் தேறிய ஒன்று எந்தப் பூவும் இல்லை, ஊசி போடுவதற்கு முன் துடைக்கிற ஸ்பிரிட் பஞ்சு. அதை மூக்குக்கு அருகில் வைத்து ஆழமாக மூச்சிழுப்பதால் குமட்டல் குறைந்தது. ஸ்பாவில் இதை ஏன் விற்பதில்லை என்று சொல்லத் தேவையில்லை. புற்றுநோய், சர்க்கரை, ஆஸ்துமா எல்லாவற்றையும் எண்ணெயால் தீர்ப்பேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ஆஸ்துமா இருப்பவர்களுக்கு இந்த மணமே சில சமயம் இழுப்பைக் கிளப்பிவிடும்.

ஆபத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் "இயற்கைதானே" என்கிற ஒரு வார்த்தை இங்கே நிறைய வேலையைக் கெடுக்கிறது. வலி நிவாரணத் தைலங்களில் மணக்கிற விண்டர்கிரீன் எண்ணெய் ஏறக்குறைய முழுக்க மெத்தில் சாலிசிலேட், ஆஸ்பிரினின் உறவுக்காரர். சுத்தமானது ஒரு டீஸ்பூன், 5 மில்லி, உள்ளே போனால் இருபதுக்கும் மேற்பட்ட ஆஸ்பிரின் மாத்திரைகளை ஒன்றாக விழுங்கியதற்குச் சமம், சின்னக் குழந்தையின் உயிர் போக அது போதும். கற்பூரத்தை விழுங்கிய குழந்தைக்குச் சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம், அமெரிக்காவில் மேலே தடவுகிற மருந்துகளில்கூட 11 சதவீதத்துக்கு மேல் கற்பூரம் இருக்கக் கூடாது என்று விதி. நாம் அதைப் பூஜை அலமாரியில், குழந்தைக்குக் கை எட்டுகிற தட்டில், கல்கண்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம். யூகலிப்டஸும் அப்படித்தான், விழுங்கினால் வலிப்பும் மயக்கமும். இரண்டு வயதுக்குக் கீழ் இருக்கிற குழந்தைக்கு மெந்தால், கற்பூரம், யூகலிப்டஸ் எதையும் மூக்குக்கு அருகிலோ நெஞ்சிலோ தடவக் கூடாது, மூச்சுக்குழல் சுருங்கி மூச்சே திணறலாம். குளிப்பாட்டிய பிறகு போடுகிற சாம்பிராணிப் புகையையும் குழந்தை மருத்துவர்கள் வேண்டாம் என்றுதான் சொல்கிறார்கள், பாட்டிகளோடு இந்த விஷயத்தில் வாதாடி ஜெயித்தவர்களை நான் பார்த்ததில்லை. வீட்டில் பூனை இருந்தால் டீ ட்ரீ ஆயிலை அதன் பக்கம் கொண்டுபோகாதீர்கள், அதன் ஈரலால் இதைச் சரியாக உடைத்து வெளியேற்ற முடியாது.

ஆவி பிடிக்கும்போது எண்ணெயைவிடக் கொதிக்கிற தண்ணீர்தான் அதிகம் பேரைச் சுட்டிருக்கிறது. 2021-இல் கொரோனா இரண்டாம் அலையின்போது பொது இடங்களில் குழாய் வைத்து வரிசையாக ஆவி பிடிக்க வைத்தார்களே, கிருமியைப் பரப்புகிற வேலை என்று தமிழக சுகாதாரத் துறையே வேண்டாம் என்று சொல்லவேண்டி வந்தது. வீட்டில் பிடிப்பதானால் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கித் தரையில் வைத்து, கொதி அடங்கிய பிறகு, கண்ணை மூடிக்கொண்டு, ஒரு சொட்டு. மூடி இல்லை. ஒரு சொட்டு.

தோலில் தடவ வேண்டுமானால் நேராகத் தடவாதீர்கள். 20 சொட்டு சேர்ந்தால் சுமார் ஒரு மில்லி என்று வைத்துக்கொண்டால், 30 மில்லி தேங்காய் எண்ணெய்க்கு 6 சொட்டு என்பது ஒரு சதவீதம், ஆரம்பிக்கிறவர்களுக்கு அது போதும். முதலில் முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி ஒரு நாள் பாருங்கள். குளிக்கிற வாளியில் சொட்டுவதில் பயனில்லை, தண்ணீரில் கலக்காது, மேலேயே மிதந்து நேராக உடம்பில் ஒட்டும். பெர்கமாட் போன்ற சில சிட்ரஸ் எண்ணெய்களைத் தடவிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்துபோகும், நம்மூர் வெயிலுக்குச் சொல்லவே வேண்டாம். பழைய பாட்டிலை ஆசையோடு பத்து வருடம் வைத்திருக்காதீர்கள், காற்றுப் பட்டுப் பட்டு லாவெண்டரிலும் எலுமிச்சையிலும் இருக்கிற பொருட்கள் மாறி, அரிப்பு உண்டாக்குகிறவையாக ஆகிவிடும். வாங்கும்போது பாட்டிலில் செடியின் தாவரவியல் பெயர் இருக்கிறதா, அடர்நிறக் கண்ணாடியா என்று பாருங்கள். "தெரப்யூட்டிக் கிரேடு" என்று போட்டிருந்தால் அதை விளம்பரமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், அப்படி ஒரு தரத்தை எந்த அரசும் வகுத்துக் கொடுக்கவில்லை. ஆரம்பத்தில் சொன்ன தாள் சோதனை மலிவான கலப்படத்தைப் பிடிக்கும், சந்தனமும் வெட்டிவேரும் கனமான எண்ணெய்கள் என்பதால் அசலாக இருந்தாலும் கறை விடும், அவற்றை மட்டும் சந்தேகப்படாதீர்கள்.

அப்புறம் ஒன்று. குழந்தை பாட்டிலைத் திறந்து குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்தோ விரலை விட்டோ வாந்தி எடுக்க வைக்காதீர்கள், வெளியே வரும்போது எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விட்டால் அது குடித்ததைவிட மோசம். "நன்றாகத்தானே விளையாடுகிறான்" என்று உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கவும் வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள், இல்லையென்றால் நேராக ஆஸ்பத்திரிக்கு. எவ்வளவு குறைந்திருக்கிறது, உள்ளே என்ன இருந்தது என்று டாக்டர் கேட்பார், அந்தப் பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.